மூன்று பெயர் பெற்ற சில்லு

மயிரிழை போன்ற ஓர் ஒளியிழையில் பல அலைநீளங்கள் ஒருங்கே செல்கின்றன. ஒவ்வொன்றும் தனிச் செய்தியைச் சுமக்கிறது. 1550 நானோமீட்டரை ஒட்டிய பகுதியில், பெரிதும் வழங்கும் ஓர் அமைப்பின்படி, அண்டை அலைநீளங்களுக்கிடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.8 நானோமீட்டரே. மறுமுனையில் அவற்றைப் பிரித்தெடுக்கும் குறைக்கடத்திச் சில்லைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள். பெயரிடுமுன் அதன் செயலை அறிதல் வேண்டும்.

சில்லினுள் நுழையும் ஒளி விசிறிபோல் விரிந்து, வளைந்த பல அலைவழிகளுள் புகுகிறது. ஒவ்வோர் அலைவழியும் தனக்கு முந்தியதைவிட ஒரே அளவு நீளம் மிகுந்தது. அம்மிகைநீளம் மாறாதது, ஆயினும் அதனுள் எத்தனை அலைகள் அடங்கும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. ஆகவே அலைவழிகளைக் கடந்து வரும் ஒளிகளுக்கிடையே தோன்றும் கட்ட வேறுபாடு அலைநீளந்தோறும் வேறாகிறது; ஒவ்வோர் அலைநீளமும் வெவ்வேறு புள்ளியில் குவிகிறது. கண்ணாடியிலும் இதனைச் செய்யலாம். இண்டியம் பாஸ்பைடில் செய்தால் ஒளியுணரிகளையும் அதே சில்லில் அமைக்கலாம். ஆனால் அங்கே வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் குவியும் அலைநீளம் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் நகரும். 8 பாகை உயர்ந்தால் ஒரு செய்தி அண்டை வழியில் புகுந்துவிடும்.

இனிப் பெயர். 1988இல் நெதர்லாந்தின் மைன்ட் ஸ்மிட் இதனைக் 'கட்ட அணி' என்னும் பொருள்படக் குறித்தார். 1990இல் ஜப்பானியர் தக்காஹாஷி குழுவினர் 'அலைவழிக் கீற்றணி' என்றனர். 1991இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டிராகோன் 'பல்சேர்ப்பி' என்றார். முதலாவது காரணத்தையும், இரண்டாவது இனத்தையும், மூன்றாவது தொழிலையும் நோக்கின. உலக வழக்கில் நிலைத்தது இரண்டாவதே.

'அலைநீளப் பிரிப்பி' என்னும் சொல் மாணவர் நாவில் எளிதில் ஏறும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒளியை எதிர்த்திசையில் செலுத்தினால், அதே சில்லு தனித்தனி அலைநீளங்களை ஒன்றாகச் சேர்க்கிறது! சேர்க்கும் கருவியைப் பிரிப்பி என்று கற்பித்தல் தகுமா? 'கீற்றணி' என்றால், "கீற்று எங்கே, ஐயா?" என்று மாணவர் கேட்பர். கேட்கட்டும். பாடநூலில் அவர்கள் கண்ட கீற்றணியிலும் அடுத்தடுத்த கதிர்களின் பாதை வேறுபாடு சமமே என்று ஆசிரியர் விளக்க அக்கேள்வியே வழிவிடும். எனவே சில்லுக்கு 'அலைவழிக் கீற்றணி' என்பதையும், அது ஆற்றும் பணிக்கேற்பப் 'பிரிப்பி', 'சேர்ப்பி' என்பவற்றையும் நாம் பரிந்துரைக்கிறோம்.