கூண்டு பெரிசு, கூட்டம் சிறிசு

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்களில் யோசித்து, விலை விசாரித்துக் கிளி வாங்கியவர்கள் குறைவு. அது தானாக வந்து சேரும். தை பிறந்து பங்குனிக்குள் மொட்டைத் தென்னையிலும் பட்டுப்போன பனையிலும் உள்ள பொந்துகளில் பச்சைக்கிளிகள் குஞ்சு பொரிக்கும். மரமேறத் தெரிந்த பையன் ஒருவன் இறகு முளைக்காத குஞ்சைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து தெருவில் யாரிடமாவது கொடுப்பான். சென்னைக்காரர்களுக்கு மூர் மார்க்கெட் இருந்தது. 1985இல் தீப்பிடித்து அழியும்வரை பழைய புத்தகங்களோடு பறவைகளும் அங்கே விலைபோயின.

வந்த குஞ்சுக்குப் பால்சோற்றைப் பிசைந்து விரல்நுனியில் ஊட்டுவார்கள். இறகு வளர்ந்ததும் திண்ணையிலோ முற்றத்திலோ ஒரு கம்பிக்கூண்டு தொங்கும். கொவ்வைப்பழம், ஊறவைத்த கடலை, கொய்யாத் துண்டு, பச்சை மிளகாய் என்று தீனி. மிளகாய் கடித்தால் பேச்சு வரும் என்று ஒரு நம்பிக்கை. பறவைகளுக்கு மிளகாய் உறைப்பதே இல்லை. கிளி அதையும் ஒரு காயாகத்தான் தின்றது. ஆனாலும் பேச்சு வந்தது. வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. வாசலில் ஆள் அரவம் கேட்டால் "வாங்க, வாங்க" என்றது. பாட்டி இருமினால் அதுவும் இருமியது.

ஆண்டாள் கையிலும் மீனாட்சி கையிலும் கிளி இருக்கும் நாட்டில் இதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. மதுரைக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று உண்டு. கூண்டுக்கிளிகள் போய்விட்டன, பெயர் மட்டும் இருக்கிறது.

யாரும் முறையாகப் பயிற்சி கொடுக்காத கிளி எப்படிப் பேசியது? விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1977இல் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் சிகாகோவில் ஒரு கடையில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கி அலெக்ஸ் என்று பெயரிட்டார். கிளியை எதிரில் வைத்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஓதவில்லை. இரண்டு பேர் அதன் முன்னால் உட்கார்ந்து, ஒரு பொருளைக் காட்டி ஒருவர் கேட்க, மற்றவர் பெயர் சொல்லி அந்தப் பொருளைப் பரிசாக வாங்கிக்கொள்வார். பார்த்துக்கொண்டிருக்கும் கிளிக்குப் போட்டி வந்துவிடும். 2007இல் இறப்பதற்குள் அலெக்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைக் கற்று, நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொன்னது.

கிளி கூட்டத்துப் பறவை. தன்னைச் சுற்றி இருப்பவர்கள் ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறார்களோ அப்படியே தானும் அழைத்துக் கூட்டத்தில் சேரப் பார்க்கும். அம்மா கூப்பிட மகள் குரல் கொடுக்கும் முற்றத்தில் அலெக்ஸின் பாடம் நாள் முழுக்க நடந்தது. நடத்துகிறோம் என்பது நடத்தியவர்களுக்கே தெரியாது.

அந்தக் காலத்தைக் கொண்டாடவும் முடியாது. வால் மடங்கும் அளவுக்குச் சின்னக் கூண்டு. பறக்காதிருக்க இறகை வெட்டினார்கள். பால் பறவைக்குச் செரிக்காது என்று தெரியாமலே ஊட்டினார்கள். பிழைத்துப் பேசிய கிளியின் கதைதான் நம்மிடம் வந்திருக்கிறது. பொந்திலிருந்து எடுத்த சில நாளில் செத்தவற்றுக்குக் கதை இல்லை.

சட்டம் இதை மெதுவாக நிறுத்தியது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1990-91இல் இந்தியக் காட்டுப் பறவைகளின் வணிகம் அடியோடு தடைசெய்யப்பட்டது. நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது இன்று குற்றம். பலருக்கு இது உறைத்தது 2023இல்தான்; இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வீட்டில் வளர்த்த நடிகர் ஒருவருக்குச் சென்னையில் வனத்துறை இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. 2024 மக்களவைத் தேர்தலின்போது, வேட்பாளர் ஒருவருக்குச் சீட்டெடுத்த கடலூர்க் கிளி ஜோசியரையும் வனத்துறை பிடித்து எச்சரித்து அனுப்பியது.

நாட்டுக்கிளி வெளியேறிய இடத்துக்கு வெளிநாட்டுக் கிளி வந்தது. ஆஸ்திரேலியாவின் காக்கட்டீல், தென்னமெரிக்காவின் கான்யூர், மக்காவ், அலெக்ஸின் இனமான ஆப்பிரிக்கன் கிரே. சாம்பல் கிளி காட்டில் அருகிப்போனதால் 2017 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. இத்தகைய பறவை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று 2024இல் விதி வந்தது.

வளர்க்கும் முறையும் தலைகீழாகிவிட்டது. அன்று கிளி நம் பேச்சைக் கற்றது. இன்று வளர்ப்பவர் கிளியின் உடம்பைப் படிக்கக் கற்கிறார். கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிந்தால், கழுத்து இறகு சிலிர்த்தால், கையை நீட்டக் கூடாது, கடி விழும். ஒரு குச்சியின் நுனியைக் கிளி அலகால் தொட்டதும் 'க்ளிக்' என்று ஒரு சத்தம், உடனே ஒரு சூரியகாந்தி விதை. அந்தக் குச்சியைப் பின்தொடர வைத்தே கையில் ஏறவும், கூப்பிட்டால் பறந்து வரவும், தானாகக் கூண்டுக்குள் போகவும் பழக்குகிறார்கள். அடிப்பது, பட்டினி போடுவது, அதட்டுவது எதற்கும் இடமில்லை. கத்தும் கிளியை அதட்டினால், கூட்டத்திலிருந்து பதில் வந்துவிட்டது என்று எண்ணி அது இன்னும் கத்தும்.

அறிவும் கூடியிருக்கிறது. வெறும் விதையே தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ குறையும் என்று கீரையும் கேரட்டும் நறுக்கி வைக்கிறார்கள். கிளி வெளியே இருக்கும்போது மின்விசிறி சுற்றாது. அதிகம் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்தின் புகை பறவையைக் கொன்றுவிடும் என்பதால் சமையலறைக் கதவு சாத்தியிருக்கும்.

குறைவது ஒன்றே ஒன்று, ஆள். காலையில் கணவனும் மனைவியும் வேலைக்கு, பிள்ளை பள்ளிக்கு. ஆள் உயரக் கூண்டு, உள்ளே ஊஞ்சல், மணி, கடிக்க மரக்கட்டை. எல்லாம் இருந்தும் பகல் முழுக்கத் தனியாக இருக்கும் கிளி சலிப்பில் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதைப் பறவை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். தொலைக்காட்சியை ஓடவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் தொலைக்காட்சி கிளிக்குப் பதில் சொல்லாது. மாலையில் கொடுக்கும் கால் மணி நேரப் பயிற்சி வித்தை காட்டுவதற்கு மட்டும் இல்லை; பழைய முற்றம் சும்மா கொடுத்த கூட்டத்தை இன்று நேரம் ஒதுக்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆப்பிரிக்கன் கிரே நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. நாற்பது வயதில் வாங்குகிறவர் தனக்குப் பின் அதை யார் பார்ப்பார்கள் என்றும் எண்ண வேண்டும். கடைக்குப் போகிறவர்கள் விலை கேட்கிறார்கள், என்ன தின்னும் என்று கேட்கிறார்கள், பேசுமா என்று கேட்கிறார்கள். இந்த மூன்றுக்கும் கடைக்காரரிடம் விடை இருக்கும். பகல் பதினொரு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்ற கேள்விக்கு மட்டும் வாங்குகிறவர்தான் விடை சொல்ல வேண்டும். யாரும் இல்லை என்றால் வாங்காமல் திரும்புவதுதான் கிளிக்குச் செய்யும் நன்மை.