யானைக் காலடி கேட்கும் கண்ணாடி நூல்

யானையை ரயிலில் அடிபடாமல் காக்க வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் ஒன்று பார்க்கிறது, இன்னொன்று கேட்கிறது. பார்ப்பது கோவை மதுக்கரையில் இருக்கிறது. அப்பகுதியில் நவக்கரை அருகே 2021 நவம்பரில் ஒரே ரயிலில் அடிபட்டு மூன்று யானைகள் இறந்தன. அதன்பின் தமிழக வனத்துறை 7.24 கோடி ரூபாயில் 12 கோபுரங்களை நிறுத்தி, வெப்பக் கேமராக்களைப் பொருத்தியது. 2024 பிப்ரவரியில் அவை இயங்கத் தொடங்கின.

கேட்கும் கருவிக்கு ரயில்வே வைத்த பெயர் ‘கஜராஜ்’. எண்ணெய்க் குழாய்களுக்குக் காவலாக இருந்த நுட்பம்தான் அது. வடகிழக்கு எல்லை ரயில்வேயில் முதலில் சோதிக்கப்பட்டது. தண்டவாளத்தை ஒட்டிப் புதைந்திருக்கும் ஒளியிழைக்குள் லேசர் துடிப்புகள் ஓயாமல் அனுப்பப்படுகின்றன. கண்ணாடி எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. அதன் அடர்த்தியில் உள்ள நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளில் பட்டு ஒளியில் ஒரு துளி திரும்பி வரும். மேலே யானை கால் வைத்தால் மண் அதிர்ந்து, இழை இம்மியளவு நீளும். திரும்பும் ஒளியலையின் கட்டம் (phase) பிசகும். எந்த இடத்தில் என்பதை, ஒளி திரும்பிய நேரமே சொல்லிவிடும்: ஒரு கிலோமீட்டர் தள்ளியென்றால் ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு.

கண் மங்கிய பாட்டி திண்ணையில் இருந்தபடியே, செருப்புச் சத்தத்தை வைத்துத் தெருவில் போவது யாரென்று சொல்வாள் அல்லவா? இழையின் வேலையும் அதுதான். பாட்டிக்குப் பழக்கம் வேண்டும். மென்பொருளுக்கு மாடு, மனிதர், சரக்கு ரயில், யானை என்று ஆயிரக்கணக்கான காலடிகளின் பதிவு வேண்டும். மழை கொட்டினால் இருவருமே தடுமாறுவார்கள். புதிதாகக் குடிவந்தவரைப் பாட்டி திருடன் என்பாள். மென்பொருளும் சில நாள் மாட்டை யானை என்று கூவும். அப்படி வந்த எச்சரிக்கையால் நாலு முறை ஏமாந்த ரயில் நிலைய அதிகாரி, ஐந்தாம் முறை எழுந்து பார்ப்பாரா?

‘விபத்தே இனி இல்லை’ என்னும் விளம்பரம் தடுமாறும் இடம் பிரேக். எச்சரிக்கை நொடியில் வந்துவிடும். வேகமாக ஓடும் ரயில் நிற்கப் பல நூறு மீட்டர் வேண்டும். மதுக்கரைப் பகுதியில் ரயிலின் வேகத்தைக் குறைத்ததற்கும், யானைகளுக்காகக் கட்டிய சுரங்கப் பாதைகளுக்கும் சேர வேண்டிய பெயரையும் கேமராவே தட்டிக்கொண்டு போகிறது.

இதே கருவிகளைத் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடி மலைச்சாலையில் வைத்தால் கணக்கு மாறும். கல்லாறிலிருந்து ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் யானை குறுக்கிடலாம். மூடுபனியின் நீர்த்துளிகள் வெப்பக் கேமராவை மங்கச் செய்யும். புதைத்த இழைக்குப் பனி ஒரு பொருட்டல்ல. ஆனால் அங்கே வண்டியை நிறுத்த ரயில் பாதையைப் போலச் சிக்னலும் இல்லை, நிலைய அதிகாரியும் இல்லை. சுற்றுலா வண்டிகளின் கைபேசியில் தொடர்பு கிடைக்கும் என்று நம்ப முடியாததால், எச்சரிக்கை வனத்துறைச் சோதனைச் சாவடிக்குப் போய், அங்கிருப்பவர் தடுப்பை இறக்கியாக வேண்டும்.