கிற்றாரில் கமகம்: ஜோன் மக்லாக்லினும் எமது இசை பற்றிய சில கேள்விகளும்

மேற்கத்தைய றொக் இசை குறித்து எம்மவர் மத்தியில் இரண்டு விதமான கருத்துக்கள் நிலவுகின்றன. அது வெறும் கூச்சல், எமது பிள்ளைகளைப் பண்பாட்டிலிருந்து பிடுங்கி எடுப்பது என்பது ஒன்று. அது கறுப்பின மக்களின் இசையை வெள்ளையர் களவாடி விற்ற சரக்கு என்பது மற்றையது. முதலாவதைக் கோவில் மண்டபங்களில் கேட்கலாம். இரண்டாவதை இலக்கியச் சந்திப்புக்களில் கேட்கலாம். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஒரு கேள்வியைத் தவிர்த்து விடுகின்றன. ஒருவர் இன்னொரு மக்களின் இசையை எடுத்துக்கொள்ளும்போது எதைக் கற்கிறார்? அதற்காக எதைக் கைவிடுகிறார்? இக்கேள்வியை எழுப்புவதற்கு ஆங்கிலேயக் கிற்றார் கலைஞர் ஜோன் மக்லாக்லினின் இசை வாழ்வு பொருத்தமான உதாரணம் எனக் கருதுகிறேன். அக்கதையில் யாழ்ப்பாணமும் வருகிறது என்பது இங்கு எழுதுவதற்கு இன்னுமொரு காரணம்.

மக்லாக்லின் 1942ம் ஆண்டு யோர்க்ஷயரிலுள்ள டொங்காஸ்ரரில் பிறந்தவர். தாயார் வயலின் வாசிப்பவர். பதினொரு வயதில் கிற்றார் கைக்கு வந்தது. யுத்தத்துக்குப் பிந்திய பிரித்தானியாவில் மடி வோட்டர்ஸ், பிக் பில் புரூன்சி போன்ற கறுப்பினக் கலைஞர்களின் புளூஸ் இசைத்தட்டுக்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. எரிக் கிளப்ரன், ஜெவ் பெக், ஜிம்மி பேஜ் ஆகியோரும் அதே ஊற்றில் தண்ணீர் அள்ளியவர்களே. அறுபதுகளின் தொடக்கத்தில் கிரஹாம் பொண்ட் குழுவில் மக்லாக்லினுடன் வாசித்த ஜக் புரூசும் ஜிஞ்சர் பேக்கரும் 1966இல் கிளப்ரனுடன் இணைந்து 'கிறீம்' குழுவை அமைத்தனர். மக்லாக்லின் அவ்வழியே போகவில்லை. 1969ம் ஆண்டு தனது முதலாவது இசைத்தட்டைப் பதிவு செய்துவிட்டு நியூயோர்க் சென்றார். அதே ஆண்டில் மைல்ஸ் டேவிஸின் இரு முக்கிய பதிவுகளில் வாசித்தார். அவற்றுள் 1970இல் வெளியான 'பிச்சஸ் புரூ'வில் ஒரு உருப்படிக்கு டேவிஸ் இட்ட பெயரே 'ஜோன் மக்லாக்லின்' என்பதாகும்.

1971இல் அவர் 'மஹாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா'வை அமைத்தார். நியூயோர்க்கில் வாழ்ந்த வங்காளிக் குருவான ஸ்ரீ சின்மோய் அவருக்கு இட்ட பெயரே குழுவின் பெயராயிற்று. பனாமாவில் பிறந்த பில்லி கொப்ஹம், செக்கோஸ்லவாக்கியாவிலிருந்து 1968இன் பின் வெளியேறிய யான் ஹமர், டப்ளினில் பிறந்த றிக் லெயார்ட், அமெரிக்கரான ஜெரி குட்மன் ஆகியோர் அதில் இருந்தனர். குழுவில் பெரும்பாலானோர் பிறந்த நாட்டை விட்டு வந்தவர்களே. றொக்கின் மின்னதிர்வும் ஜாஸின் கற்பனையும் சேர்ந்த இக்குழுவின் இசை, நாலு எண்ணிக்கைத் தாளத்துக்குப் பழகிய காதுகளுக்குப் பதினெட்டு எண்ணிக்கையில் ஒரு உருப்படியைக் கொடுத்தது. 1973இன் 'பேர்ட்ஸ் ஒவ் பயர்' இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15ம் இடம் வரை சென்றது. பாடகரின்றி வாத்தியத்தை மட்டும் நம்பி ஒரு றொக் கலைஞர் வாழலாம் என்ற துணிவை இது பலருக்கும் கொடுத்தது எனலாம். ஜெவ் பெக் 1975இல் முற்றிலும் வாத்திய இசையின் பக்கம் திரும்பியமை இதற்கு நல்ல சான்று.

றொக் வரலாறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்று விடுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பின் வருவது.

புகழின் உச்சத்தில் இருந்த காலத்திலேயே மக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கலாநிதி எஸ். இராமநாதனிடம் வீணை கற்றார். இராமநாதன் சிலப்பதிகாரத்தின் இசை பற்றி ஆய்வு செய்தவர். 1965இல் பீற்றில்ஸ் பாடலொன்றில் சித்தார் ஒலித்ததன் பின், பல மேற்கத்தையக் குழுக்கள் அந்த ஒலியைக் கறிக்குத் தாளிதம் போடுவது போலத் தமது பாடல்களில் தூவிக்கொண்டன. மக்லாக்லின் செய்தது வேறு. அவர் ஒலியை எடுக்கவில்லை, இலக்கணத்தைப் படித்தார். அந்த இலக்கணம் அவரது வாத்தியத்தையே மாற்றும்படி கேட்டது.

இதைச் சற்று விளக்க வேண்டும். கிற்றாரின் மெட்டுக்கள் ஸ்வரங்களைத் தனித்தனிப் படிகளாக நிறுத்தி விடுகின்றன. எமது இசையிலோ ஸ்வரம் நிற்பதில்லை; அசைகிறது, வழுக்குகிறது, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டு மீள்கிறது. தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் வாசித்தால் அது தோடியே அல்ல. வீணையிலும் மெட்டுக்கள் உண்டு. ஆனால் அவை மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் பல ஸ்வரங்களை எழுப்பலாம். சாதாரண கிற்றாரில் விரல் பலகையில் முட்டி நின்று விடும். ஆகவே, கிப்சன் நிறுவனத்துக்காக ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் மக்லாக்லினுக்கென ஒரு கிற்றாரைச் செய்தார். அதில் மெட்டுக்களுக்கு இடையேயுள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டது. தந்தியை இழுக்கவும் அழுத்தவும் இடம் கிடைத்தது. சுருதிக்காக மேலதிகமாக ஏழு தந்திகள் குறுக்கே சாய்வாகக் கட்டப்பட்டன. மின்சாரக் கிற்றாரின் பேரொலியை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த வாத்தியத்துடன் அவர் தரையில் அமர்ந்தார்.

அவருடன் அமர்ந்தவர்கள்: தபேலாவில் ஸாகிர் ஹுசைன், கடத்தில் விக்கு விநாயக்ராம், தொடக்கத்தில் மிருதங்கத்தில் இராமநாதபுரம் ராகவன், வயலினில் எல். சங்கர். குழுவின் பெயர் 'சக்தி'. 1975ம் ஆண்டு யூலையில் பதிவான கச்சேரி அடுத்த ஆண்டு இசைத்தட்டாக வந்தது. மேலும் இரண்டு இசைத்தட்டுக்களின் பின், 1978 அளவில் குழு கலைந்தது. மஹாவிஷ்ணுவின் விற்பனையை அது எட்டவில்லை.

எல். சங்கர் யார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவரது தந்தை வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தவர். சங்கரும், பின்னாளில் புகழ்பெற்ற வயலின் கலைஞரான அவரது தமையனார் எல். சுப்ரமணியமும் பிள்ளைப் பருவத்தை அங்கேதான் கழித்தனர். 1958ம் ஆண்டு இனக்கலவரத்தைத் தொடர்ந்து அக்குடும்பம் இலங்கையை விட்டு வெளியேறிச் சென்னைக்குத் திரும்பியது. 83இல் தொடங்கி எமது இடப்பெயர்வை எண்ணப் பழகியவர்கள் நாம். 58இல் எத்தனை இசையாசிரியர்கள் போனார்கள், அவர்களோடு எத்தகைய கற்பித்தல் மரபு போனது என்று எண்ணியதுண்டா? கலவரத்தில் வெளியேறிய ஒரு சிறுவன் பதினேழு ஆண்டுகளின் பின் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு யோர்க்ஷயர்காரரின் பக்கத்தில் அமர்ந்து ஸ்வரத்துக்கு ஸ்வரம் பதில் சொல்வது எமது வரலாற்றின் ஒரு பகுதியும்தான்.

இங்கு ஒரு விமர்சனத்தையும் வைக்க வேண்டும். முதல் இசைத்தட்டின் தலைப்பே 'ஜோன் மக்லாக்லினுடன் சக்தி' என்பது. ஏனையோரின் பெயர் அட்டையின் பின்புறத்துக்கு உரியது என்பது சந்தையின் கணக்கு. மக்லாக்லின் பல உருப்படிகளின் ஆக்கத்தைச் சங்கருடன் பகிர்ந்தே பதிவு செய்தார். ஆனாலும் கறுப்பு இசையில் நடந்த அதே பெயர் அரசியல் இங்கும் தொடர்ந்தது. அதேவேளை மறுபக்கமும் உண்டு. சென்னைக் கச்சேரி மேடையில் கடம் உபபக்கவாத்தியம். தனியாவர்த்தனத்தில் மிச்சமான நேரம்தான் அதற்கு. கொன்னக்கோல் மேடையை விட்டே பெரும்பாலும் மறைந்திருந்தது. சக்தியிலோ விநாயக்ராம் சமமான கலைஞர். 2007இல் மக்லாக்லினும் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் கொன்னக்கோலைக் கற்பிக்கும் ஒளித்தட்டொன்றை வெளியிட்டனர். எமது மேடையின் படிநிலையை வெளியார் ஒருவர் குழப்பியதால் சில கலைகளுக்கு மூச்சு கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்வதில் எமக்கு என்ன கூச்சம்?

நான் வசிக்கும் பியர்பொன்ட்ஸில் இவ்விவாதம் ஏட்டளவில் உள்ளதல்ல. பக்கத்து டொலார்-டெ-ஓர்மோவில் முருகன் கோவில். வார இறுதிகளில் வீடுகளின் நிலக்கீழ் அறைகளில் மிருதங்க, வீணை வகுப்புக்கள். அண்மையில் ஒரு அரங்கேற்றத்தின் பின், மிருதங்கமும் கிற்றாரும் வாசிக்கும் இளைஞன் ஒருவன் கேட்டான்: "மாமா, நான் படிச்ச சொற்கட்டைக் கிற்றாரில வாசிச்சால் பிழையோ?" நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற நண்பர் சொன்னார்: "கிற்றார் எண்டால் பைலாவோட நிக்கட்டும் தம்பி, சங்கீதத்துக்குள்ள கொண்டுவராதையும்."

நண்பரின் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். மொழியும் மண்ணும் கைநழுவும் இடத்தில் மனிதர் எதையாவது இறுகப் பிடிக்கவே செய்வர். ஆனால் அவர் இறுகப் பிடித்திருக்கும் கச்சேரியில் வயலின் இருக்கிறது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வயலினைக் கற்று எமது இசைக்குக் கொண்டுவந்து இருநூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. அது எமதாகியது வாத்தியத்தின் பிறப்பிடத்தால் அல்ல. எமது கமகத்தை அதற்குப் பழக்கியதால். மக்லாக்லின் கிற்றாரின் மரத்தைச் செதுக்கியதும் அதே காரியமே.

பின்னாளில் 1997இல் சக்தி வேறு வடிவில் மீண்டும் எழுந்தது. மண்டலின் சிறீநிவாஸ் அதில் வாசித்தார், 2014இல் மறைந்தார். 2023இல் வந்த இசைத்தட்டு 2024இல் கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஸாகிர் ஹுசைனும் மறைந்தார். இவ்வரிசையில் சங்கர் இடம்பெறவில்லை.

விவாதத்துக்காக இரண்டு யோசனைகளை முன்வைக்கிறேன். எமது வார இறுதி இசை வகுப்புக்கள், எந்த வாத்தியம் வாசிக்கும் பிள்ளையானாலும் சேர்ந்து கொள்ளக்கூடியதாகக் கொன்னக்கோலைக் கற்பிக்கட்டும். அதற்கு வாய் மட்டும் போதும், வாங்குவதற்கு ஒன்றுமில்லை. அடுத்தது, 58இல் எம்மண்ணை விட்டுப் போன இசையாசிரியர்கள் பற்றி, நினைவுள்ள முதியவர்கள் எம்முடன் இருக்கும்போதே யாராவது எழுதத் தொடங்கட்டும். அந்த இளைஞனுக்கான பதிலையும் வாசகர்கள் எழுதுவார்கள் என எதிர்பார்க்கிறேன். "கமகம் வருமட்டும் வாசியும், பிறகு பிழையோ சரியோ பாப்பம்" என்பதுதான் அன்று நான் சொன்னது.