லாரி நேரமும் ஸ்கூல் நேரமும் ஒன்றா? கல்மண்டபத்தில் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும் 'திக் திக்' நிமிடங்கள்!

ராயபுரம் கல்மண்டபம். காலை மணி எட்டு.

மார்க்கெட்டில் வியாபாரம் சூடு பிடிக்கிறது. காசிமேட்டில் இருந்து மீன்பாடி வண்டிகள் பறந்து வருகின்றன. ஷேர் ஆட்டோக்கள் கை காட்டிய இடத்தில் எல்லாம் நின்று ஆள் ஏற்றுகின்றன. பஸ்கள் திரும்ப இடம் இல்லாமல் ஹாரன் அடிக்கின்றன. இத்தனைக்கும் நடுவே, முதுகில் புத்தக மூட்டையோடு பிள்ளைகள்! சிலர் நடந்து. சிலர் சைக்கிளில். சிலர் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றபடி.

பிளாட்பாரத்தில் போகலாம் என்றால் அங்கே கடை. கடையைத் தாண்டினால் நிறுத்தி வைத்த பைக். பைக்கைத் தாண்டினால் நடுரோடுதான்!

துறைமுகத்தின் வாசலில் குடியிருக்கும் வடசென்னை மக்களுக்கு இது பழகிப்போன காட்சி. ஆனால் பக்கத்துப் பெரம்பூரில் 2025-ம் ஆண்டு நடந்த கோரம், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும் ஒவ்வொரு தாய் தகப்பனையும் உலுக்கிவிட்டது.

பெரம்பூரில் நடந்தது என்ன?

2025 ஜூன் 18-ந்தேதி காலை. பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில், தாயின் ஸ்கூட்டரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள் 10 வயதுச் சிறுமி. தண்ணீர் லாரியில் அடிபட்டாள். தாயின் கண் எதிரிலேயே பிள்ளையின் உயிர் போனது.

அந்த நேரத்தில் அந்த லாரி அங்கே வந்திருக்கவே கூடாது! காலை நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகளுக்கு ஏற்கெனவே தடை உண்டு. தடை காகிதத்தில் இருந்தது. லாரி ரோட்டில் இருந்தது.

டிரைவர் கைதானார். கடமை தவறியதாகப் போக்குவரத்து போலீஸ் அதிகாரிகள் மீதும் நடவடிக்கை பாய்ந்தது. தடை நேரத்தில் ஓடிய லாரிகளைப் போலீசார் மடக்கினார்கள். எல்லாம் சரிதான். இந்தச் சுறுசுறுப்பு ஒரு நாள் முன்னாடியே வந்திருந்தால் அந்தப் பிள்ளை இன்றைக்கு இருந்திருக்கும் அல்லவா?

வளையும்போது வரும் ஆபத்து

பெரம்பூரில் தண்ணீர் லாரி. கல்மண்டபம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கமோ கன்டெய்னர் லாரி.

சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தது 1983-ல். அன்று முதல் வடசென்னைக்கு வேலையும் வந்தது; லாரியும் வந்தது. ஜீரோ கேட் வழியாக உள்ளே போக எண்ணூர் நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் லாரிகள் வரிசை கட்டி நிற்பது ஊரறிந்த சங்கதி. வரிசை நீளும்போது அதன் நெரிசல் ராயபுரம் தெருக்களிலும் தெரியும்.

இந்த டிரெய்லர் வண்டிகளைப் பற்றிப் பெற்றோர் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். 40 அடி நீளப் பெட்டி அது. திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். "தலை தாண்டிப் போச்சு" என்று நினைத்து இடது ஓரம் நிற்கும் சைக்கிள் பையன், பின்சக்கரத்தில் மாட்டுவது இப்படித்தான். டிரைவர் சீட்டோ ஆள் உயரத்துக்கு மேலே. பம்பரை ஒட்டிக் கடக்கும் ஏழு வயதுப் பிள்ளையின் தலைகூட அவர் கண்ணில் படாமல் போகலாம்.

அதற்காக டிரைவரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லாமல் கேட் வரிசையில் நின்றவர், அடுத்த டிரிப்பைப் பிடிக்கத்தான் பறப்பார். எத்தனை டிரிப்போ அத்தனை காசு என்ற கணக்கில் ஓடும் தொழில் இது. கேட்டில் காத்திருப்பு குறைந்தால் ரோட்டில் அவசரமும் குறையும். அது துறைமுகத்தின் கையில் இருக்கிறது.

பாலம் வரும்... எப்போது?

லாரிகளுக்குத் தனி வழி வேண்டும் என்று பெரிய பெரிய திட்டங்கள் போட்டார்கள். எண்ணூர்-மணலி சாலை விரிவாக்கம் பல வருஷம் இழுத்தடித்தது. துறைமுகம்-மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. 2022 மே மாதம் இரண்டு அடுக்குப் பாலமாக மறுபடியும் அடிக்கல். செலவு சுமார் ரூ.5,800 கோடி.

2009-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, 2021-ல் பிளஸ்-2 முடித்து வெளியே போயே போய்விட்டது!

பாலம் வரட்டும். நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூட வாசலில் வெள்ளைக் கோடு போட 5,800 கோடி வேண்டுமா? ஒரு டின் பெயிண்டும் ஒரு ராத்திரி வேலையும் போதுமே!

சைக்கிள் கொடுத்தாச்சு... வழி?

தமிழ்நாட்டில் 2001-2002-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் திட்டம் வந்தது. 2005-2006-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவ, மாணவிகள் எல்லோருக்கும் என்று அதை விரித்தார்கள். நாட்டுக்கே முன்மாதிரியான திட்டம். ஆனால் கையில் சைக்கிள் வந்த அளவுக்குச் சைக்கிள் போக வழி வரவில்லை.

வழியைப் பற்றியும் காகிதத்தில் குறைவில்லை. 2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையே வகுத்தது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம். மாநகராட்சி போக்குவரத்துக்குச் செலவிடும் பணத்தில் 60 சதவீதம் அவர்களுக்கே என்றது அந்தக் கொள்கை. இந்தியாவில் முதன்முதலாக இப்படி ஒரு கொள்கை கொண்டு வந்த மாநகரம் சென்னைதான். 2019-ல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. பார்க்க அழகு. அந்த அழகில் கால் பங்காவது கல்மண்டபத்துக்கு எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

50-க்கும் 30-க்கும் உள்ள தூரம்

மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரே நொடியில் 45 அடி ஓடிவிடும். டிரைவர் பிள்ளையைப் பார்த்து பிரேக்கில் காலை வைப்பதற்குள்ளேயே அந்த 45 அடி போய்விடுகிறது. 30 கிலோ மீட்டர் வேகம் என்றால் 27 அடிதான். நடுவில் உள்ள 18 அடியில் ஓர் உயிர் தப்பும்!

அதனால்தான் 2020 பிப்ரவரியில் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு, ஜனங்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் வேகம் 30-ஐத் தாண்டக்கூடாது என்று பிரகடனம் செய்தது.

2022-ல் இந்தியாவில் ரோடு விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இதில் நடந்து போனவர்கள் மட்டும் 32 ஆயிரத்து 825 பேர். கணக்குப் போட்டால் தினம் 90 பேர்! வண்டியே இல்லாதவன் வண்டியால் சாகிறான்.

நிருபர் எழுதினார், நாடு எழுந்தது!

'சைக்கிள் நாடு' என்று இன்று பேர் வாங்கிய ஹாலந்தும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1971-ல் மட்டும் அங்கே 400 குழந்தைகளுக்கு மேல் வண்டியில் அடிபட்டு இறந்தார்கள். அதில் ஒரு சிறுமி, சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவள். அப்பா பத்திரிகை நிருபர். 1972-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு: 'பிள்ளைக் கொலையை நிறுத்து'. அதுவே இயக்கத்தின் பெயரானது. தாய்மார்கள் ரோட்டை மறித்தார்கள். அரசாங்கம் இறங்கி வந்தது. குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைந்தது. சைக்கிளுக்குத் தனிப் பாதை வந்தது. 2010-ல் அங்கே வண்டிகளுக்குப் பலியான குழந்தைகள் 14 பேர்.

ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் 1959-லேயே, பள்ளி வழியில் பிள்ளைகளை ரோடு கடத்திவிடப் பெண்களைச் சம்பளம் கொடுத்து நிறுத்தினார்கள். 'பச்சை அத்தை' என்று அவர்களுக்குச் செல்லப் பெயர்.

சென்னையிலும் ஆர்.எஸ்.பி. மாணவர்கள் இருக்கிறார்கள். யூனிபார்ம் போட்டு, விசில் ஊதி டிராபிக்கைச் சரி செய்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் கன்டெய்னர் லாரியை நிறுத்த மாணவன் கை போதாது. அதற்குப் போலீஸ் தொப்பி வேண்டும்!

சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு

கோவை எலும்பு முறிவு சிகிச்சை டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் போட்ட பொதுநல வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நாட்டையே பேச வைத்தது. அந்த வழக்கில் 2025 மே மாதம், நடைபாதையில் நடப்பது உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று கோர்ட்டு சொன்னது. அக்டோபர் 7-ந்தேதி, 50 பெரிய நகரங்களில் நடைபாதைகளையும் கடக்கும் இடங்களையும் ஆய்வு செய்யவும், நடப்பவர்களைக் காக்க 6 மாதத்துக்குள் மாநிலங்கள் விதிகள் வகுக்கவும் உத்தரவிட்டது.

இன்னொன்றும் உண்டு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, ரோட்டைத் தரக்கேடாக அமைத்து அதனால் உயிர் போனால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் போடலாம். ரோடு போட்டவர்களும் இனிமேல் தப்ப முடியாது.

பெற்றோரும் பொறுப்பு

அதே சட்டம் பெற்றோர் பக்கமும் திரும்புகிறது. 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் மோட்டார் வண்டிச் சாவியைக் கொடுத்து விபத்து நடந்தால், தகப்பனுக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.25 ஆயிரம் அபராதம். நாலு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம். அப்பா தலையில் ஹெல்மெட், முன்னால் நிற்கும் பிள்ளை வெறுந்தலை என்றால் என்ன நியாயம்?

உடனே செய்யக்கூடியவை

1. பள்ளிக்கூடம் திறக்கும், விடும் நேரங்களில் கல்மண்டபம் சுற்று வட்டாரத்தில் கனரக லாரிகளுக்கு உள்ள தடையை ஒரு நாள்கூடத் தளர்த்தாமல் காக்க வேண்டும்.

2. ஒவ்வொரு பள்ளி வாசலிலும் கெட்டி வெள்ளைக் கோடு, வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை. லாரி டயரில் கோடு தேய்ந்தால் மறுபடியும் போட வேண்டும்.

3. வாசலின் இரண்டு பக்கமும் நூறு நூறு அடிக்கு பிளாட்பாரத்தில் கடையும் பைக்கும் கூடாது. கடைக்காரர் வயிற்றிலும் அடிக்க வேண்டாம். 2014-ம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு மாற்று இடம் காட்டலாம்.

4. காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் போலீஸ்காரர் அல்லது ஊர்க்காவல் படை ஆள் ஒருவர் கட்டாயம்.

5. முனை திரும்பும் இடங்களில் இடது ஓரம் இரும்புத் தடுப்பு. சைக்கிள்காரர் அதற்குள்ளே நின்றால் டிரெய்லரின் பின்சக்கரம் அண்டாது.

இதில் எதற்கும் வெளிநாட்டுக் கடன் வேண்டாம். டெல்லி அனுமதி வேண்டாம். மாநகராட்சி மண்டல அலுவலகமும் போக்குவரத்து போலீசும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்தால் ஆகிற காரியம்.

விபத்து நடந்த இடத்தில் மறுநாள் தடுப்பு வைப்பது அதிகாரிகளுக்குப் பழக்கமாகிவிட்டது. கல்மண்டபத்தில் மட்டுமாவது முதல் நாளே வைப்பார்களா?