வாத்தியார் இல்லாத கல்லூரி!
முதல் ஆண்டிலேயே முதலாளி ஆகும் மாணவர்கள்

கல்லூரி உண்டு. வாத்தியார் இல்லை!

மாணவர்கள் உண்டு. பெஞ்சு வரிசை இல்லை!

இந்த அதிசயம் பின்லாந்து நாட்டில், யூவாஸ்கூலா என்ற நகரில் இருக்கிறது. அங்கே வணிகப் பட்டம் படிக்க வருகிறவர்கள் முதல் ஆண்டிலேயே சொந்தத் தொழில் தொடங்க வேண்டும். விளையாட்டுக்கு அல்ல. நிஜத் தொழில்!

சுவரில் ஒரு தாள்

1991-ல் சோவியத் ரஷியா உடைந்தது. பின்லாந்துச் சரக்கை நிறைய வாங்கி வந்த நாடு அது. வியாபாரம் படுத்தது. 1994-ல் வேலைக்குத் தகுந்தவர்களில் 100-க்கு 16 பேருக்கு மேல் சும்மா இருந்தார்கள். பட்டம் வாங்கினால் வேலை என்ற நம்பிக்கை போய்விட்டது.

அந்தக் கஷ்ட காலத்தில், 1993-ல், விற்பனைப் பாடம் நடத்தி வந்த யோஹன்னஸ் பார்த்தானன் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். உலகைச் சுற்றி வர ஆசையா, போகிற போக்கில் விற்பனையும் கற்கலாமா என்று அதில் கேட்டிருந்தார். 24 பேர் பெயர் கொடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் "டீமி அக்கதேமியா". "குழுக் கழகம்" என்று பொருள்.

பாக்கியை யார் கேட்பது?

மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒரு கூட்டுறவு நிறுவனத்தைச் சட்டப்படி பதிவு செய்கிறார்கள். எல்லோரும் பங்குதாரர்கள். விழா நடத்திக் கொடுக்கலாம். கம்பெனிகளுக்குச் சந்தை நிலவரம் விசாரித்துச் சொல்லலாம். புதிதாக எதையாவது செய்து விற்கலாம். விலை பேசுவது, கணக்கு எழுதுவது, வராத பாக்கியைப் போய்க் கேட்பது எல்லாம் அவர்கள் பாடு. நட்டம் வந்தால் அதுவும் நிஜ நட்டம்தான்.

கடைக்காரர் வீட்டுப் பிள்ளை இதையெல்லாம் கல்லாப்பெட்டி அருகே நின்றே கற்றுக்கொள்ளும். கடை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு? இருபது வயதில் சிறு தொகை போனால் தாங்கலாம். நாற்பது வயதில் வீட்டை அடகு வைத்துத் தொழில் தொடங்கி, முதல் பாடத்தை அப்போது படித்தால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும்!

சரி, குழுவில் ஒருவன் உழைக்காமல் பங்கு கேட்டால்? சண்டை வரும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வாரம் இரண்டு முறை, நாலு மணி நேரம், வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். பயிற்சியாளர் ஒருவர் கூட இருப்பார். கேள்வி கேட்பார். பதில் சொல்லித் தர மாட்டார். கூட்டாளியின் குறையை அவன் முகத்துக்கு நேரே, அடிதடி இல்லாமல் சொல்வது கணக்குப் பாடத்தைவிடக் கடினம்!

படிப்பிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். புத்தகங்கள் படித்து, படித்ததைத் தொழிலில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் புள்ளி உண்டு.

24 மணி நேரம்

படிப்பு மூன்றரை ஆண்டு. முடிவில் ஒரு சோதனை. ஒரு கம்பெனி தன் உண்மையான சிக்கலைக் கொண்டுவந்து வைக்கும். குழு 24 மணி நேரத்துக்குள் அதற்கு வழி கண்டு சொல்ல வேண்டும். தூக்கம் ஏது?

கூட்டுறவு ஆலைகளுக்குப் பேர்போன ஸ்பெயின் நாட்டு மொந்திராகோனிலும் இந்த முறை பரவியது. அங்குள்ள பல்கலைக்கழகம் 2009-ல் இதைப் பின்பற்றி நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது.

அந்தத் தாளில் சொன்ன உலகப் பயணம் என்ன ஆயிற்று? படிப்பு முடியும்போது போகலாம். ஆனால், கல்லூரி பணம் கொடுக்காது. குழு சம்பாதித்துச் சேர்த்ததில்தான் டிக்கெட் வாங்க வேண்டும்!