நாட்பட்ட இடுப்பு வலிக்கு மருந்தில்லா மருத்துவம்

நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகிய மூன்றும் குனிந்தே செய்யும் வேலைகள். மூட்டை சுமப்பதும், முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு சேற்றில் நடப்பதும் இவற்றோடு சேர்கின்றன. ஆகவே உழவர்களிடையே இடுப்பு வலி மிகுதியாகக் காணப்படுகிறது. நடவு நேரத்தில் ஒருவர் படுத்துவிட்டால் கூலியும் போகும், பருவமும் தவறும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் சுமார் 62 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்தது. உலகில் மக்களை முடக்கிப்போடும் கோளாறுகளில் இதுவே முதலிடத்தில் உள்ளது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலி எனப்படும்.

படுக்கை தீர்வல்ல

வலி என்று வாரக்கணக்கில் படுத்திருந்தால் இடுப்புத் தசைகள் மெலிந்து விறைத்துவிடும். வலி மேலும் கூடும். தினமும் வலி மாத்திரை விழுங்குவது வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் வழி வகுக்கும். இந்த நிறுவனம் 2023-இல் வெளியிட்ட நெறிமுறைகள் உடற்பயிற்சி, உடல் பிடித்துவிடுதல், அக்குபங்சர் ஆகியவற்றை ஏற்கின்றன. இடுப்புப் பட்டையையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன.

எண்ணெயும் ஒத்தடமும்

வெதுவெதுப்பான எண்ணெய் தடவி மெதுவாகப் பிடித்துவிடுவதும், வறுத்த தவிட்டைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதும் தசை இறுக்கத்தைத் தளர்த்தும். சூடு பொறுக்கும் அளவில் இருக்க வேண்டும். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தோல் வெந்துபோவது தெரியாது, கவனம் தேவை. முதுகில் ஏறி மிதிப்பதும், சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி வெடுக்கெனத் திருகுவதும் கூடாது. பெயர், விவரம் இல்லாத பொடிகளை வாங்கக் கூடாது. அத்தகைய சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது.

எண்ணெயும் ஒத்தடமும் வலியைச் சிறிது நேரம் தணிக்கும். ஆளை மீண்டும் வயலுக்கு அனுப்புவது உடற்பயிற்சியே.

எளிய பயிற்சிகள்

1. பாயில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி மார்பை நோக்கி இழுத்துப் பத்து எண்ணும் வரை வைத்திருக்கவும். பிறகு மறுகால்.

2. இரு முழங்கால்களையும் மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் மெல்ல உயர்த்தி இறக்கவும்.

3. சமதரையில் தினமும் 20 நிமிடம் நடக்கவும்.

முதல் இரண்டையும் ஐந்து முறையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். யோகாசனங்களும் பயன் தரும். பயிற்சி பெற்றவரிடம் கற்பது நலம். அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபி, சித்த மருத்துவப் பிரிவுகளை அணுகலாம்.

வேலையிலும் மாற்றம் தேவை

வரிசை நடவு செய்த வயலில் கோனோ களைக்கருவியால் நிமிர்ந்து நின்றே களையெடுக்கலாம். மூட்டையை இருவர் சேர்ந்து, முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். அரை மணிக்கொரு முறை நிமிர்ந்து முதுகை நீட்டிவிட வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீழே விழுந்தபின் வந்த வலி, காய்ச்சலோடு வலி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். இவற்றுக்கு எண்ணெய் தடவிக் காத்திருந்தால் கால் நிரந்தரமாக முடங்கிப்போகவும் கூடும்.