பத்து இலட்சம் மணி

எம் மாணவி ஒருத்தி ஈராண்டாகத் தொகுத்த பாடக் குறிப்புகளைக் கணினியின் வன்தட்டுப் பழுதானதால் ஒரே நாளில் இழந்தாள். "பழுதுக்கான சராசரிக் காலம் பத்து இலட்சம் மணி என்று விவரத்தாளில் இருந்ததே, ஐயா!" எனக் கலங்கினாள்.

பத்து இலட்சம் மணி ஏறத்தாழ 114 ஆண்டு. ஆயின், ஒரு தட்டு அத்துணைக் காலம் உழைக்கும் என்பது அதன் பொருளன்று. ஆயிரம் தட்டுகளை ஆயிரம் மணி நேரம் ஓட்டுகையில் ஒன்று பழுதுற்றாலும் அதே எண் கிடைக்கும். இளைஞர் ஆயிரவருள் ஓராண்டில் ஒருவரே இறந்தார் என்பதால், மனிதன் ஆயிரம் ஆண்டு வாழ்வான் என்போமா?

அவ்வெண்ணின்படி ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவான தட்டுகளே பழுதாதல் வேண்டும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறக்குறைய ஓரிலட்சம் தட்டுகளின் வரலாற்றை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவோ வேறு. ஆண்டுக்கு நூற்றுக்கு 2 முதல் 4 வரை மாற்றப்பட்டமை சாதாரணமாயிருந்தது. சிலவிடத்து அது 13 வரை உயர்ந்தது. தட்டு முதுமையுற முதுமையுற இவ்வீதமும் ஏறிற்று.

ஆதலின் மாணவர்களே, எண்ணை நம்பி இருந்துவிடாதீர்கள். அரிய குறிப்புகளுக்கும் குடும்பப் படங்களுக்கும் இன்னொரு படியெடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். அம்மாணவியும் இப்பொழுது அவ்வாறே செய்கிறாள்; நாமுந்தான்.